டெவில் மே க்ரை 4 ஸ்பெஷல் எடிஷன்: பல வருடம் விளையாடிய பிறகு

என் கம்ப்யூட்டரில் 2017-இல் ஏற்றிய நாளிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கும் ஒரே கேம் இது. புதுசாக எதையாவது டவுன்லோடு செய்ய இடம் பத்தாதபோதெல்லாம் எதைத் தூக்கலாம் என்று பட்டியலைப் பார்ப்பேன். கண் இதன் மேல் ஒரு கணம் நிற்கும், அடுத்ததற்குப் போய்விடும். இத்தனைக்கும் இதன் குறைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. டெவில் மே க்ரை என்பது காப்காம் நிறுவனத்தின் கேம் வரிசை, பேய்களை வாளாலும் துப்பாக்கியாலும் அடித்துச் சாய்ப்பதுதான் வேலை. அதில் நான்காம் பாகம் 2008-இல் வந்தது. இயக்கியவர் ஹிதேயாகி இட்சுனோ. ஏழு வருடம் கழித்து, 2015 ஜூனில், அதையே பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி மூன்றுக்கும் ஸ்பெஷல் எடிஷனாக மறுபடி கொண்டு வந்தார்கள். பழைய கேமில் நீரோ, டான்டே என்று இரண்டு பேரைத்தான் ஆட முடியும். புதியதில் வெர்ஜில், லேடி, டிரிஷ் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். கதை, இடங்கள், எதிரிகள் எல்லாம் பழையவைதான். வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லும் நல்லது கெட்டது எல்லாமே இதில்தான் வந்து முடியும்.

முதலில் நல்லது. நீரோவின் வாளுக்கு ரெட் குயீன் என்று பெயர். அதன் கைப்பிடி பைக் ஆக்சிலரேட்டர் மாதிரி. கன்ட்ரோலரின் இடது டிரிக்கரை அமுக்கினால் வாள் உறுமும், திரையில் மூன்று கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும், நிரம்பிய பிறகு அடிக்கும் அடி தீப்பொறியோடு விழும். ஆனால் சண்டைக்கு நடுவே நின்று முறுக்கிக்கொண்டிருக்க யார் விடுவார்கள்? அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வெட்டோடும் சேர்த்து, சரியான கணத்தில் டிரிக்கரை ஒரு தட்டு தட்டினால் ஒரு கட்டம் தானாக நிரம்பிவிடும். அந்தக் கணத்தின் நட்ட நடுவில் தட்டினால் மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்பும்.

கேட்க எளிது. எனக்கு முதல் மூன்று மாதம் இது பிடிபடவே இல்லை. கட்டை விரல் வெட்டுவதற்கு, இடது ஆள்காட்டி விரல் முறுக்குவதற்கு, வலது ஆள்காட்டி விரல் எதிரியைக் குறிவைத்துப் பிடிக்க. மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். கண்ணால் பார்த்துத் தட்டினால் எப்போதும் தாமதம்தான். ஒரு நாள் ராத்திரி ஹெட்போன் போட்டு, வாள் வீசும் சத்தத்தை மட்டும் கேட்டு ஆடிப் பார்த்தேன். தாளம் போடுகிற மாதிரி, வெட்டு விழும் ஓசைக்கு விரல் தானாகத் தட்டியது. நான்கு வெட்டு, நான்கும் நெருப்போடு. எதிரே இருந்தது வெறும் ஸ்கேர்குரோ, கேமிலேயே எளிய எதிரி. அதை அடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். இன்றைக்கும் பத்தில் ஆறு ஏழு தடவைதான் சரியாக விழுகிறது. அந்த மீதி மூன்று நான்கு இருப்பதால்தான் இன்னும் திறக்கிறேன்.

டான்டே அதற்கு நேர் எதிர். கேம் பாதி தாண்டிய பிறகுதான் கையில் வருவார். நான்கு சண்டைப் பாணிகள், நெருங்கி நின்று அடிக்கும் ஆயுதங்கள் மூன்று, மூன்று துப்பாக்கி வகைகள், எல்லாவற்றையும் சண்டைக்கு நடுவிலேயே மாற்றலாம். மூன்றாம் பாகத்தில் ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மிஷனுக்குள் போக முடியும். இங்கே ஒரு பட்டன் தட்டினால் பாணி மாறும். எதிரியை வாளால் மேலே தூக்கி, காற்றிலேயே துப்பாக்கிப் பாணிக்கு மாறி நாலு குண்டு, கீழே வருமுன் தற்காப்புப் பாணிக்கு மாறி அடுத்தவன் அடியைத் தடுப்பது என்று போய்க்கொண்டே இருக்கலாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க கேம் பெரிதாக மெனக்கெடுவதில்லை. ஒரு திறமையை வாங்கினால் அது எந்தப் பட்டன் என்று காட்டும், அவ்வளவுதான். எதை எதோடு கோக்க வேண்டும் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஆறுதல், வாங்கிய திறமையைத் திருப்பிக் கொடுத்தால் செலவழித்த புள்ளிகள் முழுதாகக் கைக்கு வந்துவிடும். அதனால் பயப்படாமல் எல்லாவற்றையும் முயன்று பார்க்கலாம்.

மறுவெளியீட்டின் உயிர் வெர்ஜில். இவருக்குக் கவன மீட்டர் என்று ஒன்று உண்டு. அடி சரியாகப் பட்டால் ஏறும், வீணாக வாள் வீசினால், அடி வாங்கினால், ஏன், ஓடினாலே இறங்கும். மீட்டர் ஏற ஏற அடியின் வலு கூடும். போன வருடம் அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். “மாமா, எதிரில அஞ்சாறு பேர் வரான். இவர் ஏன் கோயில் பிராகாரம் சுத்துற மாதிரி நடந்துட்டிருக்கார்?” என்றான். “ஓடினா கவனம் போயிடும்டா” என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நடந்தே போனேன். முதலில் வந்தவன் கத்தியை ஓங்கியதும் ஒரு நகர்வில் பின்னால் போய், உறையிலிருந்து வாளை ஒரே இழுப்பில் உருவியதும் எட்டத்தில் நின்ற இரண்டு பேர் இருந்த இடத்திலேயே வெட்டுப்பட்டார்கள். அவன் கன்ட்ரோலருக்குக் கை நீட்டிவிட்டான்.

அந்த ஒரு மீட்டர் ஆளின் குணத்தையே விரலுக்குக் கொண்டு வந்துவிடுகிறது. பதற்றப்பட்டால் தோற்போம். அமைதியாக இருந்தால், தேவையான அடியை மட்டும் அடித்தால் ஜெயிப்போம். ஐந்தாம் பாகத்திலும் இதை வைத்துக்கொண்டார்கள் என்பதே அது எவ்வளவு நல்ல யோசனை என்பதற்குச் சாட்சி.

சரி, இப்போது வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

கேமில் மொத்தம் 20 மிஷன். முதல் 11 நீரோவுக்கு. நகரம், பனி மூடிய கோட்டை, காடு, தலைமையகம் என்று முன்னே போகிறார். அப்புறம் டான்டே வருகிறார். வந்தவர் அதே தலைமையகம், அதே காடு, அதே கோட்டை, அதே நகரம் என்று வந்த வழியே திரும்பி நடக்கிறார். பெரிய எதிரிகளும் அப்படியே. நெருப்பு உடம்போடு வரும் பெரியல், பனித் தவளை, காட்டு ராணி எக்கிட்னா மூவரையும் நீரோ ஒரு முறை அடிக்கிறார், டான்டே ஒரு முறை அடிக்கிறார் (தவளைக்கு மட்டும் வேறு பெயர், உருவம் அதேதான்), கடைசியில் நீரோ இன்னொரு முறை. அதோடு தாயக்கட்டை உருட்டிக் கட்டம் கட்டமாக நகரும் ஒரு விளையாட்டு வேறு. சண்டைக்காக விரல் துடிக்கும் நேரத்தில் பகடை உருட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

2008-இல் இதே குறையைப் பலரும் சொன்னார்கள். மறுவெளியீட்டில் இதைத் தொடவில்லை. அதுதான் எனக்கு உண்மையான வருத்தம். தொடாமல் விட்டது மட்டும் இல்லை, குறை பெருகியும் விட்டது. வெர்ஜில் 20 மிஷனும் அதே வழியில்தான் போகிறார். லேடி நீரோவின் மிஷன்களை, டிரிஷ் டான்டேயின் மிஷன்களை ஆடுகிறார்கள். புதியவர்களுக்குச் சொந்தமாக இருப்பது தொடக்கத்தில் ஒரு காட்சி, முடிவில் ஒரு காட்சி, அவ்வளவே. மூன்று கதைகளையும் முடித்த ஒருவர் அந்தத் தவளையை எத்தனை முறை அடித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு அதன் தாவல் வரிசை மனப்பாடம்.

கேமராவும் சில இடங்களில் படுத்தும். திறந்த வெளியில் நம் கையில் இருக்கும், கோட்டைத் தாழ்வாரங்களில் அது தன் இஷ்டத்துக்கு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னே தள்ளிய கன்ட்ரோலர் குச்சி சட்டென்று பின்னே போவதாக ஆகிவிடும். நடக்கும்போது பரவாயில்லை, தாவிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எரிச்சல் வரும்.

எதிரிகளில் கைமேரா என்று ஒன்று, விதை வடிவில் வந்து மற்ற எதிரிகளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாம் அழகாக ஒரு காம்போ, அதாவது விடாமல் தொடரும் அடிகளின் வரிசை, கோத்துக்கொண்டிருப்போம், நேரம் காலம் இல்லாமல் அதன் கொடிகள் சுழன்று நம்மைத் தட்டிவிடும். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மின்னல் உடம்போடு பாயும் பிளிட்ஸைப் பற்றிப் பலர் திட்டினாலும் எனக்குப் பிடிக்கும். மின்னல் இருக்கும்வரை வாளால் தொட்டால் நமக்குத்தான் அடி. துப்பாக்கியால் சுட்டுச் சுட்டு மின்னலை உரித்த பிறகுதான் வாள். பொறுமை கேட்கிறது, பொறுத்தால் பலன் தருகிறது.

லேடி, டிரிஷ் இருவரையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லேடியிடம் வாள் கிடையாது, ராக்கெட் லாஞ்சரும் துப்பாக்கிகளும்தான். கூட்டத்தைச் சிதறடிக்கும்போது சந்தோஷமாக இருக்கும், தனியாக ஒரு எதிரியோடு நின்றால் சீக்கிரம் அலுத்துவிடும். டிரிஷ் இலகுவானவர், புதிதாக வருபவர்களுக்கு ஏற்றவர்.

கூட்டம் என்றதும் லெஜண்டரி டார்க் நைட் முறையைச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் கூட்டம் கூட்டமாக எதிரிகளைத் திரையில் கொட்டும். பழைய பிசி பதிப்பில் மட்டும் இருந்தது, கன்சோல்காரர்களுக்கு ஸ்பெஷல் எடிஷனில்தான் கிடைத்தது. என் கம்ப்யூட்டர் ஒன்றும் வலுவானது இல்லை, ஆனாலும் அத்தனை எதிரிகளோடும் கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கிராபிக்ஸ் 2008-ஆம் வருடத்து அடித்தளம்தான். முகங்களில் வயது தெரியும், கோட்டையின் பனி மட்டும் இன்னும் அழகு.

கதைக்காக இதை வாங்காதீர்கள். புதிது புதிதாக இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஐந்தாம் பாகமே நல்லது. ஒரே சண்டையை நூறு முறை ஆடி, நூற்றி ஒன்றாவது முறை இன்னும் அழகாக ஆட வேண்டும் என்று நினைப்பவர் என்றால் தள்ளுபடி வரும்போது யோசிக்காமல் எடுங்கள். முதல் சுற்றை நீரோவோடு முடியுங்கள், வெர்ஜில் அதற்கப்புறம். கதையை முடித்ததும் வந்த வழியே நடக்கிற தொல்லை இல்லாத ப்ளடி பேலஸுக்குப் போய்விடுங்கள். 101 தளம், நேரக் கணக்கு உண்டு, நடுவில் சண்டை தவிர வேறு எதுவும் கிடையாது. பல வருடமாக நான் குடியிருப்பது அங்கேதான்.

அக்கா மகன் லீவு முழுக்க ஆட்டோமேட்டிக் முறையில் ஆடினான். ஒரே பட்டனைத் தட்டினால் காம்போ தானாக வரும், ஆரம்பத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி, நான் எதுவும் சொல்லாமலேயே செட்டிங்ஸுக்குப் போய் அதை அணைத்தான். நீரோவை எடுத்தான். ஹெட்போன் எங்கே என்று கேட்டான்.