பீக்கா, பிபிஎஸ்ஸா?

பீக் (PEEK), பிபிஎஸ் (PPS) இரண்டுமே அதிக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்குகள். உள்ளே பார்த்தால் இரண்டுமே பென்சீன் வளையங்களை, அதாவது ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையங்களைக் கோத்த சங்கிலிகள்தான். வளையம் விறைப்பானது, எளிதில் மடங்காது. வெப்பத்தைத் தாங்கும் தெம்பு அங்கிருந்து வருகிறது. வித்தியாசம் வளையங்களை இணைக்கும் கொக்கியில் இருக்கிறது. பிபிஎஸ்ஸில் வளையங்களுக்கு நடுவே ஒரு கந்தக அணு. பீக்கில் இரண்டு ஈதர் (ஓர் ஆக்சிஜன் அணு), ஒரு கீட்டோன் (ஆக்சிஜன் ஒட்டிய ஒரு கார்பன் அணு) என்று மாறி மாறி வரும். ஈதர் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், கீட்டோன் இறுக்கிப் பிடிக்கும்.

பிபிஎஸ் சுமார் 280 டிகிரி செல்சியஸில் உருகும், பீக் 343-ல். ஆனால் உருகுநிலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பிபிஎஸ் 90 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். பீக் 143 வரை அசையாது. அதனால்தான் பிபிஎஸ்ஸில் பெரும்பாலும் 40 சதவீதம் கண்ணாடி இழை கலக்கிறார்கள். அப்படி வார்த்த துண்டைத் தரையில் போட்டால் 'டிங்' என்று உலோகம்போலச் சத்தம் வரும். அப்புறம், அது சட்டென உடையும் ரகம். பீக் அடி தாங்கும்.

விலை? பீக் பல மடங்கு. அதற்கு ஃப்ளோரின் கொண்ட மூலப்பொருள் வேண்டும், 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் சமைக்கவும் வேண்டும். பிபிஎஸ்ஸுக்கு வேண்டியது சோடியம் சல்ஃபைடும் பாரா-டைகுளோரோபென்சீனும். பின்னது சில அந்துருண்டைகளில் இருக்கும் அதே சரக்கு. மிஞ்சுவது சாதாரண உப்பு.

கார் எஞ்சினில் கூலன்ட் ஓடும் பம்ப் பாகத்துக்கு நான் பிபிஎஸ்ஸோடு நின்றுவிடுவேன். 250 டிகிரியில் உராய்ந்துகொண்டே இருக்கும் பேரிங் என்றால், சரி, பீக்குக்குப் பணத்தை எடுத்து வைக்க வேண்டியதுதான்.