துக்க வீட்டில் ஒரு பெரிய எழுத்து வேதாகமம்

கடந்த மார்ச் மாதம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, கண்பார்வை மங்கிய அப்பாவுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தப் பெரிய எழுத்து வேதாகமத்தை வாங்கினேன். ஆறு மாதங்களாக அன்றாடம் வாசித்துவருகிறோம்.

அச்சு மிகத் தெளிவு. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டார். கனம்தான் அதிகம். மடியில் தலையணை வைத்து, அதன்மேல்தான் விரிக்க முடிகிறது. தாள் மெல்லியது என்பதால் குழல்விளக்கு வெளிச்சத்தில் பின்பக்க எழுத்து நிழலாடுகிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அனைவரும் "எல்லாம் தேவசித்தம்" என்றார்கள். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவர் முதலில் வாசிக்க எடுத்தது யோபுவின் புத்தகம். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து, ஏன் என்று தெரியாமல் தவித்த ஒரு நீதிமானின் கதை அது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியே என்பது என் எண்ணம். 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து பேசத் தொடங்கும் கர்த்தரோ அவன் துன்பத்துக்கு ஒரு காரணமும் சொல்வதில்லை. கடலைக் கதவுகளால் அடைத்தவர் யார், காக்கைக் குஞ்சுகளுக்கு இரை கொடுப்பவர் யார், வரையாடுகள் ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போகிறார். முதல் இரண்டு அதிகாரங்களில் வாசிப்பவருக்குக் காட்டப்படும் பரலோகக் காட்சி, அதாவது யோபுவைச் சோதிக்கச் சாத்தான் கர்த்தரிடம் அனுமதி பெறும் காட்சி, 42 அதிகாரங்கள் முடிந்தும் யோபுவுக்குச் சொல்லப்படவில்லை.

முன்பு அந்தக் கேள்விகள் எனக்குக் கடுமையாகவே தோன்றின. ஆனால், வரிக்கு வரி விரல் வைத்து வாசித்த அப்பா, ஒரு நாள் வரையாட்டு வசனத்தில் நெடுநேரம் நின்றுவிட்டார். அம்மாவின் கடைசி இரவில் ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். "ஆளில்லாத மலையில ஆடு குட்டி போடுறதையே அவரு பாத்துக்கிட்டு இருக்காருன்னா, உங்கம்மா கெடந்த அந்த ராத்திரியையும் பாத்திருப்பாருல்லா?" என்றார். ஆறு மாதத்தில் நான் கேட்ட ஆறுதல்களில் அந்தக் கேள்விக்கு இணையாக எதுவும் இல்லை.

பார்வை குறைந்த பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். கூடவே ஒரு மரத்தாங்கியும் வாங்கிவிடுங்கள். எனக்குள்ள ஒரே மனக்குறை, பக்க ஓரம் மிகக் குறுகல் என்பது. அம்மா தம் பழைய வேதாகமத்தில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளையெல்லாம் இதில் எழுதித் தரும்படி அப்பா கேட்கிறார். சங்கீதங்கள் வரை வந்திருக்கிறேன். அங்கே அம்மா நிறைய எழுதியிருக்கிறார், ஓரத்தில் இடம் போதவில்லை.