கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கா, புரோபயாட்டிக்கா?

பினாங்கில் கோழிப்பண்ணை என்றால் பெரும்பாலும் பெருநிலப்பக்கம், செபராங் பிறைதான். அங்கே கறிக்கோழி வளர்ப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு: வளர்ச்சிக்காகக் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம், அது இல்லாமல் புரோபயாட்டிக் (குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்), செரிமானத்துக்கு உதவும் என்சைம், கரிம அமிலம் சேர்த்த தீவனம்.

முதலாவதில் செலவு குறைவு, எடையும் சீராக ஏறும். ஆனால் தினமும் சிறிது சிறிதாகப் போகும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளையே பெருக்கிவிடுகிறது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மலேசியா 2019 ஜனவரி 1 முதல் கால்நடைத் தீவனத்தில் தடை செய்தது இதனால்தான். நல்ல முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக் எல்லாவற்றையும் 2006-லேயே நிறுத்திவிட்டது.

இரண்டாவது வழி, தீவனத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களைக் கைவிட்டுவிடும். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதும் குடலில் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமி தலைதூக்கும். குடல் புண்ணாகும், எச்சம் தண்ணீராகப் போகும், தரையில் பரப்பிய உமி நனையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த உமி சீக்கிரம் காயாது. அப்புறம் கால் புண், அம்மோனியா நெடி, எடைக் குறைவு. ஆகவே காற்றோட்டம், சுத்தமான குடிநீர், கோழிகளுக்குப் போதிய இடம் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்கியே தீர வேண்டும்.

சரி, எது மேல்? என் தேர்வு இரண்டாவதுதான். ஆனால் கொட்டகையை முதலில் சரிசெய்யுங்கள், தீவனத்தைப் பிறகு மாற்றுங்கள். இரத்தக்கழிச்சல் (குடல் ஒட்டுண்ணியால் வரும் நோய்) தடுப்பை மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.