டைட்டேனியம் அடிக்க எந்த உலை: சிரட்டைக்கரியா, காஸா?

மட்டக்களப்பு வாவியோரம் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவருக்கு டைட்டேனியத்தில் ஆசை வருவது இயல்புதான். உப்புக்காற்றில் இரும்பு தாக்குப்பிடிப்பதில்லை. டைட்டேனியமோ கடல்நீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. எடையும் குறைவு: கன சென்ரிமீற்றருக்கு 4.5 கிராம், இரும்புக்கு 7.8. ஆனால் கத்தி அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். லொறி வில்லுத்தகடு போலக் காய்ச்சித் தோய்த்துக் கூர் ஏற்றும் உலோகம் இதுவல்ல. தோணிக்குக் கொளுக்கி, மட்டி கிளப்பும் நெம்பி என்றால் சரி.

சிரட்டைக்கரி நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, சூட்டுக்கும் குறைவில்லை. டைட்டேனியத்துக்கு அந்தச் சூடுதான் தொல்லை. காற்று நுழையும் வாயருகே ஒரு சூடு, ஒரு சாண் தள்ளி வேறொரு சூடு. கரிக்குள் புதைந்த துண்டின் நிறமும் கண்ணுக்குத் தெரியாது. உலையின் அடியில் பழைய இரும்புப் பொருக்கு கிடந்தால் இன்னும் மோசம். டைட்டேனியம் தனியாக 1668 பாகை செல்சியசில்தான் உருகும். இரும்போடு கலந்தால் 1085 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும், துண்டில் குழி விழும். மாரி மழையில் நனைந்த கரியை அறவே தொடவேண்டாம். ஈரம் செந்தணலில் பட்டால் ஐதரசன் வெளிவரும். அதை டைட்டேனியம் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அடி தாங்காமல் வெடிப்பு விழும்.

காஸ் உலையிலும் ஐதரசன் உண்டு, ஆனால் அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உலைவாயிலிருந்து நீண்ட மஞ்சள் நாக்கு நீட்டினால் காற்றுப் போதவில்லை என்று பொருள். அது குறுகும்வரை காற்றைக் கூட்டி, சற்றே மிகையாக வையுங்கள். அப்போது மேற்பரப்பு ஒட்சிசனை உறிஞ்சிக் கடினமான தோல் ஒன்று பிடிக்கும். பரவாயில்லை, தோலைத் தேய்த்து எடுக்கலாம். உள்ளே போன ஐதரசனை வீட்டுப் பட்டறையில் எடுக்க வழியில்லை. தேவைக்கு மேல் உலையில் வைத்திருக்காவிட்டால் தோலும் மெல்லியதாகவே இருக்கும். என் தெரிவு காஸ்தான், செலவு கூடினாலும். கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். கரியானாலும் காஸானாலும் காபன் மோனொக்சைட்டு என்ற நச்சுவாயு வரும்.

எந்த வகை வாங்குவது? கிரேட் 5இல் 6 வீதம் அலுமினியம், 4 வீதம் வனேடியம். ஏறக்குறைய 900 முதல் 980 பாகைக்குள் அடிக்கவேண்டும். ஆறவிட்டு அடித்தால் பிளக்கும், 995 பாகை அளவைத் தாண்டினால் மணி (உலோகத்தின் உள்ளிருக்கும் நுண்படிகம்) பருத்துவிடும். கிரேட் 2 கலப்பில்லாத வகை, மென்மையானது, 815 பாகையிலும் வளைந்து கொடுக்கும். முதல் துண்டுக்கு கிரேட் 2 போதும். எதுவானாலும் அடைகல்லையும் குறட்டையும் முன்னதாகச் சூடாக்குங்கள். இந்த உலோகம் சூட்டைக் கடத்துவதில் மந்தம், ஆதலால் குளிர்ந்த அடைகல்லில் மேற்பரப்பு மட்டும் ஆறி வெடிப்பு விழும்.

உண்மையான ஆபத்து அடிப்பதில் இல்லை, உலையில் பிடித்த அந்தக் கடினத் தோலை எடுப்பதில் இருக்கிறது. கிரைண்டர் வேகமானது, ஆனால் வெள்ளைப் பொறி பறக்கும், தூள் படியும். அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது: ஐதரசன் பிறந்து இன்னும் கொழுந்துவிடும். சாதாரண தீயணைப்பு உருளையும் உதவாது. துருப்பிடித்த இரும்புத் தூளோடு கலந்திருந்தால் அந்தத் துருவிலுள்ள ஒட்சிசனையே இழுத்துக்கொண்டு எரியும். தொழிற்சாலைகளில் இந்தத் தோலை ஐதரோபுளோரிக் அமிலம் கலந்த கரைசலில் கரைப்பார்கள். அது நம் உடலின் தோல் வழியே ஊடுருவி எலும்பையும் தாக்கும் அமிலம், வீட்டுக்குள் வரவே கூடாது. மிஞ்சுவது சாணைக்கல்லும் தண்ணீரும்தான்: கல்லை நனைத்து நனைத்துக் கையால் தேய்ப்பது. மெதுவான வேலை, கை வலிக்கும், ஆனால் நெருப்பும் இல்லை, மூச்சில் போகும் தூசும் இல்லை. நான் வேறு வழியைச் சிபாரிசு செய்யமாட்டேன். தேய்த்த சேற்றை அன்றன்றே வெளியே அகற்றிவிடுங்கள், காய்ந்து குவிய விடாதீர்கள்.

அடிக்கத் தொடங்குமுன் ஒரு தகரம் நிறைய மணலை எட்டும் தூரத்தில் வையுங்கள். கல்லடிக் கரையில் அள்ளி அப்படியே வைத்தால் அதிலும் ஈரம்தான்; சட்டியில் வறுத்து, ஆறியபின் மூடிவைக்கவேண்டும். முற்றாகக் காய்ந்த உப்பும் உதவும், உலோகத் தீக்கென்று விற்கும் தூள்களில் சிலவற்றின் அடிப்படையே உப்புத்தான்.