தீபக், சக்தி: எண்ணெய்க்கு முழு மதிப்பெண், சரக்குக்குப் பாதிகூட இல்லை

நடுக்கடலில் ஓடும்போதே போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் சரக்கும் ஏற்றும் நிரப்புக் கப்பல்களான ஐஎன்எஸ் தீபக் 2011 ஜனவரியிலும் ஐஎன்எஸ் சக்தி அதே ஆண்டு அக்டோபரிலும் இந்தியக் கடற்படையில் சேர்ந்தன. இரண்டும் இத்தாலியின் ஃபின்கான்டியேரி நிறுவனம் கட்டியவை. 175 மீட்டர் நீளம், 27,500 டன் எடை என்ற எண்களை வைத்து இவற்றை எடைபோட முடியாது. பக்கத்தில் வந்து சேரும் போர்க்கப்பலை எவ்வளவு சீக்கிரம் நிரப்பி அனுப்புகிறது என்பதுதான் ஒரு நிரப்புக் கப்பலுக்கு உரைகல். அதில் இந்த இரண்டும் உண்மையிலேயே அருமையான டேங்கர்கள். ஆனால் டேங்கர் வேலையைத் தாண்டிக் கேட்டால் கைவிரித்துவிடும்.

நிரப்பும் நேரம் முழுக்க இரு கப்பல்களும் ஒரே திசையில், மணிக்கு 12 முதல் 16 கடல்மைல் வேகத்தில், 30-50 மீட்டர் இடைவெளியில் ஓடியாக வேண்டும். நினைத்த பக்கம் திரும்ப முடியாது. நீர்மூழ்கிக்கு இதைவிட வசதியான இலக்கு அமையாது. அதனால் மணிக்கு 1,500 டன் இறைக்கும் பம்புத் திறன் வெறும் பெருமைக்குரிய எண் அல்ல. ஆபத்தான நேரத்தைச் சுருக்கும் எண். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அது டேங்கரின் மொத்தத் திறன். எண்ணெய் வாங்கும் கப்பலின் குழாய்களும் தொட்டிகளும் எவ்வளவு தாங்குமோ அந்த வேகத்தில்தான் எண்ணெய் ஏறும். ஒரே சமயத்தில் பல கப்பல்களுக்கு ஊற்றும்போதுதான் இந்தப் பம்புகளின் அருமை தெரியும்.

இணைப்பு வேலையை அருகில் பார்த்தால் எத்தனை இடத்தில் தவறலாம் என்பது புரியும். முதலில் துப்பாக்கியால் சுடப்பட்ட மெல்லிய கயிறு போகும். அதன் பின்னால் தடித்த கயிறு, அதன் பின்னால் இரும்பு வடம். இடையே, 6 மீட்டருக்கு ஒன்றாக வண்ணக் கொடி கட்டிய அளவுக் கயிறு ஒன்று இரு கப்பலுக்கும் நடுவில் நிற்கும். தூரத்தைக் கண்ணால் அதில்தான் படிப்பார்கள். வடத்தில் உருளும் கப்பிகளில் குழாய் தொங்கிக்கொண்டு போகும். அலையில் கப்பல்கள் விலகினாலும் நெருங்கினாலும் வடம் அறுந்துவிடாமலும் தொய்ந்துவிடாமலும் ஹைட்ராலிக் இழுவை அமைப்பு பார்த்துக்கொள்ளும். குழாய் நுனியிலுள்ள புரோப் எனும் செருகுமுனை, வாங்கும் கப்பலின் மணி வடிவ வாயில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியதைக் காட்டும் குறிகாட்டிக் கையின் நிலையைப் பார்க்காமல் பம்பை ஓட்டச் சொல்லவே கூடாது. வேலை முடிந்ததும் காற்றழுத்தத்தால் குழாயில் மிஞ்சிய எண்ணெயைத் தள்ளிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் கனத்த குழாயும் மேல்தளம் முழுக்க வழுக்கலும்தான் மிச்சம்.

பெரும் ஆபத்து சுக்கானில் இருக்கிறது. நெருங்கி வரும்போது முன்முனையைத் தள்ளுகிற அதே நீர், பக்கவாட்டில் வந்து சேர்ந்தபின் இரு உடல்களுக்கும் நடுவே அழுத்தம் குறைந்து உள்ளே இழுக்கும். அதற்கு மிரண்டு சுக்கானை அதிகமாகத் திருப்பினால் பின்பகுதி வீசி டேங்கரில் மோதும். திருத்தம் ஓரிரு பாகைக்குள் இருக்க வேண்டும். டேங்கர் தன் திசையையும் வேகத்தையும் ஊசிபோல் பிடித்து ஓட வேண்டும். ஒட்டி ஓடும் பொறுப்பு எண்ணெய் வாங்க வந்த கப்பலுடையது. இயந்திரமோ சுக்கானோ பழுதானால் அவசரப் பிரிப்பு: பம்பை நிறுத்தி, குழாயை இழுத்து, வடத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை ஒரே தட்டில் விடுவிக்க வேண்டும். அந்த வடம் விழும் வழியில் ஆள் நிற்கவே கூடாது. இந்தக் கப்பல்கள் இரட்டை உடல் கொண்டவை என்பது இங்கே பெரிய ஆறுதல். வெளித்தகடு நசுங்கினாலும் எண்ணெய் கடலில் கலக்காமல் இன்னொரு சுவர் தடுக்கும்.

எண்ணெயின் தூய்மையையும் அளவைப்போலவே பார்க்க வேண்டும். கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுத்துச் சுழற்றி, அடியில் நீரோ தூசியோ தெரிகிறதா என்று பார்த்தபிறகே தொட்டிக்குள் விட வேண்டும். கடல்நீரின் உப்பு, போர்க்கப்பலை ஓட்டும் கேஸ் டர்பைன் இயந்திரத்தின் தகடுகளைச் சூட்டில் அரித்துவிடும்.

இனி குறை. 15,000 டன்னுக்கு மேல் திரவம் சுமக்கும் கப்பலில் திடச் சரக்குக்கு 500 டன்தான். வாரக்கணக்கில் கடலில் இருக்கும் போர்க்கப்பல் அணிக்கு உணவு, உதிரிப்பாகம், குண்டு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுவர வேண்டியிருக்கும். 30 டன் கிரேன் இருக்கிறது, ஹெலிகாப்டர் இறங்கத் தளம் இருக்கிறது. தூக்கிக் கொடுக்கத்தான் சரக்கு போதாது. இரண்டு டீசல் இயந்திரங்கள் ஒரே தண்டின் வழியே ஒரே சுழலியை (புரொப்பெல்லரை) சுழற்றுகின்றன என்பதும் எங்களுக்கு உவப்பாக இல்லை. ஒரு இயந்திரம் நின்றாலும் மற்றது இழுக்கும். அந்தத் தண்டிலோ சுழலியிலோ பழுது என்றால் அணியின் எண்ணெயே நின்றுபோகும். 16 கடல்மைல் வேகத்தில் 10,000 கடல்மைல் தூரம், அதாவது 26 நாள், நிற்காமல் ஓடும் கப்பலுக்கு இது பொருந்தாத சிக்கனம்.

எண்ணிக்கையும் போதாது. இவற்றோடு 1996-இல் சேர்ந்த ஜோதியும் 2000-இல் சேர்ந்த ஆதித்யாவும்தான் நாட்டின் கிழக்கு, மேற்கு இரு கரைக்கும். ஒன்று பழுதுபார்ப்புத் துறைக்குள் போனால் மற்றவை ஓடியே தேய வேண்டியதுதான். 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்துக்கு 5 ஆதரவுக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் போனது, ஒவ்வொன்றும் 44,000 டன் அளவில். அவை வந்து சேரும்போது எத்தனை டன் எண்ணெய் என்று பார்ப்பதற்கு முன், குளிரறைக்கும் வெடிபொருள் கிடங்குக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.