கேரவன் கேஸ் பிரிட்ஜ்: ஏற்காட்டில் ஜில்லென்று இருப்பது சேலத்தில் ஏன் திணறுகிறது?

12 வோல்ட் பேட்டரி, 230 வோல்ட் கரன்ட், கேஸ் சிலிண்டர் என மூன்றிலும் ஓடும் கேரவன் பிரிட்ஜுக்கு ஒரே மதிப்பெண் போட முடியாது. ஏற்காட்டில் நிறுத்தினால் 5-க்கு 4. சித்திரை வெயிலில் சேலத்தில், பொருத்தியபடியே விட்டால் 2. அதே பெட்டியின் பின்பக்கம் இரண்டு ஃபேன், ஒரு அலுமினியத் தகடு, தடித்த ஒயர் என்று சரிசெய்தால் சேலத்திலும் மூன்றரை தரலாம். குளிரவில்லை என்றதும் பின்பக்கக் குழாய்த் தொகுதியான கூலிங் யூனிட்டையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பெட்டியிலேயே விலை கூடிய பாகம் அதுதான். அதற்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை நிறைய.

இந்தப் பெட்டியில் கம்ப்ரசர் கிடையாது. பின்பக்கம் அடியில் உள்ள பாய்லர், அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கும். பிரிந்து மேலேறும் அம்மோனியா ஆவி, உச்சியில் இருக்கும் கண்டன்சர் தகடுகளில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும். அது எவாப்பரேட்டருக்குள் இறங்கி, ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கீழே அப்சார்பர் குழாயில் தண்ணீரோடு மறுபடி சேர்ந்து பாய்லருக்குத் திரும்பும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் உருவாக்கிய ஏற்பாடு இது. இன்றைய டொமெட்டிக், தெட்ஃபோர்ட் நிறுவனங்களின் கேஸ் பிரிட்ஜ்களிலும் அடிப்படை அதேதான். சுற்று முழுவதும் சூட்டாலும் புவியீர்ப்பாலும் நடப்பதால், பெட்டி மட்டமாக இருக்க வேண்டும், பாய்லருக்குப் போதுமான சூடு வர வேண்டும், பின்பக்கச் சூடு வெளியேற வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குளிர் குறைந்துவிடும்.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். என், எஸ்.என். என்றால் வெளி வெப்பம் 32 டிகிரி வரைக்கும்தான் பெட்டி சொன்னபடி குளிரும். எஸ்.டி. என்றால் 38, டி என்றால் 43. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு எஸ்.என். பெட்டி தாராளம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில் அதே பெட்டி திணறத்தான் செய்யும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள யூனிட்கூட வெளி வெப்பத்திலிருந்து 25 முதல் 30 டிகிரி வரைதான் இறக்கும். கணக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

பழுதா இல்லையா என்று முடிவு செய்ய, கையை உள்ளே விட்டுப் பார்ப்பது போதாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் வைத்து, ராத்திரி முழுக்கக் கதவைத் திறக்காமல் விடுங்கள். காலையில் 5 டிகிரி என்றால் நல்ல பெட்டி. 8 என்றால் பால் அன்றைக்குத் தாங்கும். 12-ஐத் தாண்டினால் இட்லி மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி நிற்கும். மறுநாள் தோசைக்குக்கூட ஆகாத புளிப்பு. கதவு ரப்பரைப் பார்க்க பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படியவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: காலையில் கிளம்பும்போது போட்டு மதியத்துக்குள் குளிரும் பெட்டி இல்லை இது. முதல் நாள் மாலையே வீட்டு கரன்ட்டில் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களை அடுக்குவதுதான் முறை. உள்ளே காற்று சுற்ற இடம் விட்டு அடுக்குங்கள்.

குறையைக் கண்டுபிடிக்க மூன்று வழி இருப்பதே பெரிய வசதி. 230 வோல்ட்டில் ஒரு நாள், கேஸில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கரன்ட்டில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் குளிரவில்லை என்றால் குறை பர்னரில். கேஸில் குளிர்ந்து கரன்ட்டில் இல்லை என்றால் பாய்லரைக் கரன்ட்டில் சூடாக்கும் எலிமென்ட், வோல்டேஜ் அல்லது தெர்மோஸ்டாட். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மந்தம் என்றால் மட்டம், காற்றோட்டம், கதவு ரப்பர். இவை சரியாக இருந்தால் மட்டும் கடைசியாகக் கூலிங் யூனிட்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். அதை வண்டித் தரையில் வைக்காமல் ஃப்ரீசரின் அடித்தட்டில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வையுங்கள். 3 டிகிரி வரை பொறுக்கும். அதாவது ஒரு மீட்டருக்குச் சுமார் 5 செ.மீ. சாய்வு. ஏற்காட்டில் சமதளம் அரிது, எஸ்டேட் ஓரங்களில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தே ஆக வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது ஒன்றும் ஆகாது. வண்டி ஆடிக்கொண்டே போவதால் திரவம் ஓரிடத்தில் தேங்காது. கோடை விழாக் கூட்டத்தில் சரிவிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டால் பெட்டியை அணைத்துவிடுங்கள். சாய்ந்து நிற்கும்போது பாய்லருக்குத் திரவம் திரும்பாது, வெறும் சூடு ஏறும், உள்ளே துரு பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கெட்டிப்பட்டுக் குழாயை அடைக்கும். அந்த அடைப்பு தானாகக் கரையாது.

சேலத்துக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது காற்றோட்டம். வண்டியின் பக்கவாட்டில் கீழே ஒரு ஜன்னல், மேலே ஒரு ஜன்னல் இருக்கும். கீழே புகும் காற்று கண்டன்சர் தகடுகளின் ஊடாக ஏறி மேலே வெளியேற வேண்டும். பல வண்டிகளில் பெட்டியின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. காற்று தகடுகளைத் தொடாமல் அந்தச் சந்து வழியாகப் போய்விடும். சூடு கண்டன்சரிலேயே தங்கும். தகடுகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் போதும். மிச்சத்தை அலுமினியத் தகடோ ஸ்டெயின்லெஸ் தகடோ வெட்டி அடைத்து, காற்றைத் தகடுகள் வழியாகத் திருப்புங்கள். பெட்டியின் தலைக்கு மேல் இருக்கும் குழியில் சூடான காற்று தேங்கும். தகட்டைச் சாய்வாக மேல் ஜன்னலை நோக்கி வளைத்துவிட்டால் அதுவும் வெளியேறும். கேஸ் புகைபோக்கிக்குப் பக்கத்தில் தெர்மாகோலோ ஃபோமோ வைக்கவே கூடாது.

அடுத்து ஃபேன். 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட், கண்டன்சருக்குச் சற்றுக் கீழே மேல்நோக்கி ஊதும்படி. பர்னருக்கு அருகில் வைத்தால் ஜுவாலை அணையும், அதனால் உயரமாகவே வையுங்கள். 45 டிகிரியில் இணைப்புக் கொடுக்கும் தெர்மல் சுவிட்ச் ஒன்றைக் கண்டன்சர் தகட்டில் இறுக்கி அதன் வழியாக ஃபேனுக்கு லைன் கொடுத்தால் தேவைப்படும்போது மட்டும் ஓடும். 2 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, யூனிட்டின் விலைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கொசு வரக்கூடாது என்று ஜன்னலில் நெருக்கமான வலை அடித்திருந்தால் கழற்றிவிட்டுக் கண் பெரிய வலை போடுங்கள். மலையில் நாள்கணக்கில் நின்ற வண்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுத்தும்போது பிரிட்ஜ் பக்கம் மேற்கு வெயிலில் படாமல் நிறுத்துவது செலவில்லாத வைத்தியம்.

கரன்ட் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது, எலிமென்டின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது. 120 வாட் எலிமென்டுக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10.4 வந்தால் கிடைப்பது 90 வாட்தான். 230-க்குப் பதில் 190 வந்தால் சுமார் 82 வாட். பேட்டரியிலிருந்து ஏழு மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் இழுத்திருந்தால் போக வர 14 மீட்டர். 10 ஆம்ப் ஓடும்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, எலிமென்ட் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். பேட்டரியில் அளந்த எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. எலிமென்டைச் சோதிக்க லைனைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள்: 120 வாட் என்றால் 12 வோல்ட் எலிமென்ட் சுமார் 1.2 ஓம், 230 வோல்ட் எலிமென்ட் சுமார் 440 ஓம் காட்ட வேண்டும். 12 வோல்ட் என்பது வண்டி ஓடும்போது குளிரைத் தக்கவைக்க மட்டுமே. இன்ஜின் அணைந்ததும் ரிலே அதைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் 100 ஆம்ப்-ஹவர் பேட்டரி ஒரே ராத்திரியில் படுத்துவிடும்.

கேஸுக்கு வருவோம். இந்தப் பர்னர்கள் பெரும்பாலும் 30 மில்லிபாருக்குச் செய்யப்பட்டவை, ஸ்டிக்கரில் போட்டிருக்கும். வீட்டு அடுப்பு ரெகுலேட்டரும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் ஜுவாலை மஞ்சளாகிக் கரி பிடிக்கும், ஆபத்தும்கூட. ஜுவாலை நீலமாக, அசையாமல் எரிய வேண்டும். சுத்தம் செய்ய முதலில் சிலிண்டரை மூடுங்கள். கீழ் ஜன்னலைக் கழற்றி, பர்னரையும், கேஸ் வரும் நுண்ணிய ஓட்டையுள்ள ஜெட்டையும் எடுத்து, ஜெட்டைச் சிறிது நேரம் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். ஊசி விடவே கூடாது. ஓட்டை இம்மி பெரிதானாலும் கேஸ் கூடிவிடும். புகைக்குழாய்க்குள் தொங்கும் முறுக்குத் தகட்டை மேலே இழுத்து, குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்து, உதிரும் துருவை முழுக்க எடுத்த பிறகே பர்னரை மாட்டுங்கள். முறுக்குத் தகடு பழைய உயரத்திலேயே தொங்க வேண்டும். இடம் மாறினால் பாய்லருக்குச் சூடு சரியாகப் போகாது. மாட்டியதும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். பற்றவைக்க அழுத்திய திருகிலிருந்து கையை எடுத்ததும் ஜுவாலை அணைந்தால், ஜுவாலையை உணரும் தெர்மோகப்பிளின் முனை நெருப்பில் படவில்லை, அல்லது அது தேய்ந்துவிட்டது. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் ஏற்காட்டில் முதல் முயற்சியிலேயே பற்றாமல் போவது சகஜம்.

இவ்வளவும் சரி, இன்னும் குளிரவில்லை என்றால், 230 வோல்ட்டை எலிமென்டுக்கு நேரடியாகக் கொடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். பாய்லர் கொதிக்க, அப்சார்பர் குழாய்கள் மட்டும் வெதுவெதுப்பே இல்லாமல் இருந்தால் அடைப்பு. பின்பக்கம் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் கசிவு. அந்தப் பொடி விஷம், வெறும் கையால் தொடாதீர்கள். அடைப்புக்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைக்கும் வைத்தியம் சில சமயம் பலிக்கும், நிலைக்கும் என்று நம்ப முடியாது. ஏ.சி. மெக்கானிக் வந்து "கேஸ் ஏத்தணும்" என்றால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இந்த யூனிட்டில் கேஸ் ஏற்ற வால்வே இல்லை. உள்ளே பலத்த அழுத்தத்தில் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் இருக்கின்றன. குழாயை வெட்டுவதோ வெல்டிங் வைப்பதோ உயிருக்கு ஆபத்து.

சேலத்திலேயே பெரும்பாலும் நிற்கும் வண்டிக்கு எங்கள் பரிந்துரை 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ்தான். 120 வாட் கேஸ் பிரிட்ஜ் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 3 யூனிட் கரன்ட் இழுக்கும்; கம்ப்ரசர் வகை அதில் பாதிகூட எடுக்காது. கரன்ட் இல்லாத எஸ்டேட்டில் பல நாள் தங்குபவர்களுக்குக் கேஸ் பிரிட்ஜுக்கு ஈடு இல்லை: நாளுக்கு 300 முதல் 400 கிராம் கேஸ், அதாவது 5 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய இரண்டு வாரம் வரும், சத்தமும் இல்லை. பழைய கேரவன் வாங்குவதானால் முதல் நாள் மாலையே 230 வோல்ட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் தெர்மாமீட்டரோடு போய், கீழ் ஜன்னலைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கறை கண்ணில் பட்டால், புது யூனிட்டின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.