மூன்று ஆண்டுகளாக ஒரு சுழல் டிஸ்க் ரோபோ: மண்டபத்து அனுபவம்

ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் ஊரில், வீட்டின் பின்கட்டில் வைத்து உருவாக்கிய 8 கிலோ போர் ரோபோ (போட்டிக் களத்தில் மற்றொரு ரோபோவோடு மோதும் ரோபோ) ஒன்றை மூன்று ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். 150 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் கொண்டு, முன்புறத்தில் செங்குத்தாகச் சுழலும் எஃகு டிஸ்க்தான் அதன் ஆயுதம். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த மோட்டார், எவ்வளவு வேகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ரோபோ எத்தனை சண்டை தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த டிஸ்க்கைத் தாங்கும் ஷாஃப்ட்டும் (அச்சுத்தண்டு), அது தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கும் (குண்டு வளையம்)தான் என்பதே என் உறுதியான முடிவு.

சுமார் 1.4 கிலோ எடையுள்ள இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும்போது ஏறத்தாழ 770 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. 80 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் விழும் அடிக்கு இது நிகர். எதிரி வாங்கும் அதே அடியை நம் ஷாஃப்ட்டும் வாங்குகிறது. முதல் ஆண்டில் ஷாஃப்ட்டை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து அமைத்திருந்தேன். முதல் மோதலிலேயே அது வளைந்து, டிஸ்க் சட்டத்தில் உரசி நின்றது. விசைப்படகு வேலை பார்க்கும் லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனபோது, அவர் அதைக் கண்ணருகே உயர்த்தி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பக்கம் மட்டும் புடிச்சா எந்த ஷாஃப்ட்டும் வளையத்தான் செய்யும்" என்றார். இப்போது ஷாஃப்ட் சுழல்வதில்லை. அதை இரு பக்கச் சட்டங்களிலும் போல்ட்டால் இறுக்கி, பேரிங்குகளை டிஸ்க்கின் நடுவில் பொருத்தி, பெல்ட் மூலம் சுழற்றுகிறேன். அடி விழும் கணத்தில் பெல்ட் சற்று வழுக்கிக்கொடுப்பதால் மோட்டாரும் பிழைக்கிறது.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன், டிஸ்க்கின் விளிம்பில் துருத்தி நின்று எதிரியை அடிக்கும் பல்லின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். விநாடிக்கு 100 சுற்று சுழலும் டிஸ்க்கோடு, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எதிரியை நெருங்கினால், ஒற்றைப் பல் 20 மி.மீ. ஆழம் வரை கவ்வும். இரண்டு பல் இருந்தால் 10 மி.மீ. மட்டுமே கிடைக்கும். ஆழமாகக் கவ்வாத பல் சீவிவிட்டுப் போகுமே தவிர, எதிரியைத் தூக்காது. ஒற்றைப் பல்லுக்கு மறுபக்கத்தில் சம எடை வைத்துச் சமன்செய்வது கட்டாயம்.

எங்கள் கரைக்கே உரிய தொல்லை உப்புக்காற்று. இரண்டாம் ஆண்டில், ஒரு மாதம் திண்ணையில் கிடந்த ரோபோவின் டிஸ்க்கைக் கையால் தள்ளியபோது கரகரவென்ற சத்தத்துடன் அசைய மறுத்தது. கழற்றிப் பார்த்தால் பேரிங் குண்டுகளில் செம்புள்ளிகள். அதன்பின் இருபுறமும் ரப்பர் மூடி உள்ள பேரிங்குகளையே வாங்குகிறேன். ரோபோவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய டப்பாவில் வைக்கிறேன். லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தனியாகக் கழற்றி, செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்; உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

பேட்டரியை இணைக்கும் முன் டிஸ்க்கில் பூட்டுக் கம்பி செருகியிருக்க வேண்டும். ரிமோட் தொடர்பு அறுந்தால் ஆயுத மோட்டாருக்கு மின்சாரம் தானாக நிற்க வேண்டும். ஆயுதத்தைச் சுழற்றிப் பார்க்க ரோபோவை உள்ளே வைக்கும் சோதனைப் பெட்டிக்குப் பாலிகார்பனேட் தகடே வேண்டும். அக்ரிலிக் அடி பட்டால் சிதறும். பெட்டி தயாராகும் வரை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், ஆயுதத்தைச் சுழற்றாமல் சக்கர ஓட்டத்தை மட்டும் பழகுங்கள்; எதிரியின் முகம் பார்த்துத் திரும்பத் தெரியாதவருக்கு டிஸ்க்கால் பயனில்லை.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் பழுதுபார்ப்பு நடப்பதால், லேத் பட்டறைகளில் நமக்கு நேரம் கிடைப்பது அரிது. டிஸ்க், ஷாஃப்ட், புல்லி வேலைகளைப் பங்குனிக்குள் கொடுத்து வாங்கிவிடுங்கள்.